பேட்டரி: பீரங்கி வரிசையும் மின்கல அடுக்கும்

பேட்டரி என்னும் சொல், இன்று அது சுட்டும் கருவியினும் மூத்தது. அடித்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த இச்சொல், ஒருசேரச் சுடுவதற்காக அணியாக நிறுத்தப்பட்ட பீரங்கித் தொகுதிக்குப் பெயராகி, அப்பொருளிலேயே ஆங்கிலத்தில் நிலைபெற்றிருந்தது. 1749-இல் இலண்டனிலிருந்த பீட்டர் காலின்சனுக்கு எழுதிய கடிதத்தில் பெஞ்சமின் பிராங்ளின், 11 பெரிய கண்ணாடிப் பலகைகளின் இருபுறமும் ஈயத்தகடு பொருத்தி இணைத்த அமைப்பு ஒன்றை மின் பேட்டரி என்று குறித்தார். அது மின்சாரத்தை உண்டாக்கும் கருவியன்று. லெய்டன் சாடி, அதாவது உராய்வால் பெற்ற மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கண்ணாடிக் கலம், செய்யும் வேலையையே பெருக்கிச் செய்து, தேங்கியதை ஒரே கணத்தில் வெளிவிட்டது. ஒருசேர வெடிக்கும் பீரங்கிகளின் பெயர் அதற்கு எல்லா வகையிலும் பொருந்தியது.

அலெசாண்ட்ரோ வோல்டா 1800 மார்ச் 20 அன்று அரச கழகத் தலைவர் ஜோசப் பேங்க்சுக்கு எழுதி அறிவித்த கருவியோ இயல்பிலேயே வேறானது. வெள்ளி, துத்தநாக வில்லைகளை இணையிணையாக அடுக்கி, இணைகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளைச் செருகியபோது, மின்சாரம் இடைவிடாமல் ஓடியது. அதன் ஊற்று, துத்தநாகத்தில் நிகழும் வேதிவினையே. வோல்டா அதனை உலோகங்களின் தொடுகையால் விளைவதென்றே கருதினார். மின்திருக்கை மீனின் உறுப்பை ஒத்திருந்தமையால் அவர் தம் கருவிக்குச் செயற்கை மின்னுறுப்பு என்று அழகியதொரு பெயரைச் சூட்டினார். அது வழக்கில் நிற்கவில்லை. ஆயினும், மெலிதாக ஊட்டப்பெற்றுத் தானே ஓயாது ஊட்டம் பெறும் பேட்டரி போன்றது என்று அதே கடிதத்தில் அவர் ஒப்புமை கூறியிருந்தார்; பிராங்ளினின் சொல் புதிய பொருளுக்குப் பெயர்வதற்கு வழி அங்கேயே திறந்திருந்தது எனலாம்.

இந்த ஓயாத ஓட்டமே அறிவியலின் போக்கை மாற்றியது. அவ்வாண்டிலேயே ஆங்கில அறிஞர்களான நிக்கல்சனும் கார்லைலும் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தனர். வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1807-இல் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் தனித்தெடுத்தார். ஒரு நொடியில் தீர்ந்துவிடும் லெய்டன் சாடிகளைக் கொண்டு இவ்வாறு உலோகங்களைப் பிரித்துச் சேர்த்தல் இயலாது.

வோல்டாவின் கருவிக்குப் பிரெஞ்சும் இத்தாலியமும் அடுக்கின் வடிவம் குறித்த பெயரையே கைக்கொண்டன. ஆங்கிலம் பீரங்கியின் பெயரைத் தொடர்ந்தது. வேதியியலாளர் குருக்‌ஷாங்க் தகடுகளை மரத்தொட்டியில் கிடைவரிசையாகப் பொருத்தியபின் நிமிர்ந்த அடுக்கு மறைந்தும் பிரெஞ்சுப் பெயர் மறையவில்லை. தமிழ்ப் பாடநூல்கள் ஒற்றை அலகை மின்கலம் என்றும் பலவற்றின் தொகுதியை மின்கல அடுக்கு என்றும் பிரித்துரைக்கின்றன. பேச்சுவழக்கிலோ கடிகாரத்தில் இடும் ஒற்றைக் கலமும் பேட்டரியே.