பியாரிற்ஸ் வெளிச்சவீடும் பாஸ்க் கரையின் வரலாறும்

பிரான்ஸ் நாட்டின் மேற்குக் கரை, கிரோந்துக் கழிமுகத்திலிருந்து தெற்கு நோக்கி இருநூறு கிலோமீற்றருக்கும் மேலாக ஒரே மணற்பரப்பாக நீண்டு செல்கின்றது. அத்தூர் ஆற்றின் முகத்தைக் கடந்து சிறிது தூரத்தில் அம்மணற்கரை திடீரென முடிவுறுகின்றது. அதற்கப்பாற் பாறைகளும் செங்குத்தான ஓங்கல்களும் தொடங்குகின்றன. இவ்விருவகைக் கரைகளும் சந்திக்குமிடத்திலே, சென் மார்த்தின் முனை எனப்படும் மேட்டு நிலத்தில், பியாரிற்ஸ் வெளிச்சவீடு நிற்கின்றது. 1834 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அதில் முதன்முதலாக ஒளியேற்றப்பட்டது. கடல்மட்டத்திற்கு மேல் 73 மீற்றர் உயரத்தில் அமைந்த அதன் உச்சிக்கு 248 படிகள் ஏறிச் செல்லல் வேண்டும். ஏறி நிற்பவர் வடக்கே பார்த்தால் மணலையும், தெற்கே பார்த்தால் மலையையும் காண்பர். பிறநீஸ் மலைத்தொடர் கடலில் வந்து இறங்கும் அத்தெற்குத் திசையிலே பிரான்சையும் ஸ்பெயினையும் பிரிக்கும் பிதசோவா ஆறு உளது. கோபுரத்தின் உச்சியில் நிற்பவருடைய கண்ணுக்கு அவ்வெல்லை புலப்படுவதில்லை. ஆறு ஒன்று கடலில் விழுவது மாத்திரமே அங்குள்ளது.

இவ்வெல்லையின் இருமருங்கும் வாழும் பாஸ்க் மக்கள் ஐரோப்பாவின் வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத ஒரு மொழியைப் பேசுவோர். அவர்தம் ஏழு மாகாணங்களுள் மூன்று பிரான்சிலும் நான்கு ஸ்பெயினிலும் அமைந்தன. கடற்கரை உடையன லபூர், கிப்புஸ்கோவா, விஸ்காயா ஆகிய மூன்றேயாம். வெளிச்சவீட்டைக் குறிக்கும் பிரெஞ்சு, ஸ்பானியச் சொற்கள் இரண்டும் அலெக்சாந்திரியாவின் பாரோஸ் தீவின் பெயரிலிருந்து பிறந்தவை. பாஸ்க் மொழியிலோ அது 'இத்சாசார்கி' எனப்படும். கடல், ஒளி என்னும் இரு சொற்களின் சேர்க்கையாகிய அதனைக் கடலொளி எனத் தமிழிற் பெயர்க்கலாம். சொல் பாஸ்க் மக்களுடையதாயினும் ஒளியை ஏற்றியோர் அவர்களல்லர் என்பதே இக்கரையின் வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்க செய்தியாகும்.

பாஸ்க் மாலுமிகளின் பொற்காலம் பியாரிற்ஸ் வெளிச்சவீட்டிற்கு மிக முற்பட்டது. பயோன் நகரச் சந்தையில் திமிங்கில இறைச்சி விற்பனையை ஒழுங்குசெய்யும் ஆவணமொன்று 1059 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கரையோரத்தை அண்மித்து மெதுவாக நீந்துவதும், கொல்லப்பட்ட பின்னரும் மிதப்பதுமான ஒருவகைத் திமிங்கிலமே இவர்களது வேட்டைப் பொருளாயிருந்தது. உயர்ந்த முனைகளில் அமைந்த காவலிடங்களிலிருந்து பார்வையாளர் கடலை நோக்கியிருப்பர். திமிங்கிலத்தின் மூச்சுநீர் தென்பட்டதும் புகையெழுப்பி ஊரவர்க்கு அறிவிப்பர். பியாரிற்ஸ் நகரில் அத்தலாய் என இன்றும் வழங்கும் மேட்டின் பெயர் இத்தொழிலின் எச்சமே. பியாரிற்ஸ், பெர்மேயோ, லெக்கெயித்தியோ, ஒந்தாரிபியா போன்ற ஊர்களின் இலச்சினைகளிலே திமிங்கிலம் இடம்பெற்றிருத்தலும் இதனாலேயாகும்.

பதினாறாம் நூற்றாண்டில் இவர்கள் அத்திலாந்திக்கைக் கடந்து கனடாவின் லப்ரடோர் கரைவரை சென்று, ரெட் பே என்னுமிடத்திற் கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுத்தனர். 1565 இல் அங்கு மூழ்கியதும் சன் குவான் எனக் கருதப்படுவதுமான கப்பலின் சிதைவு 1978 இற் கண்டெடுக்கப்பட்டது. அவ்வெண்ணெய் மேற்கு ஐரோப்பிய நகரங்களின் விளக்குகளில் எரிந்தது. பிறர் வீடுகளுக்கு ஒளி கொடுத்த அவ்வெண்ணெயைக் கொணர்ந்த கப்பல்கள், பெருவிளக்கு ஏதுமற்ற ஒரு கரைக்கே இரவில் மீண்டன. 1713 ஆம் ஆண்டு உத்திரெக்ற் உடன்படிக்கையின் பின்னர் நியூபவுண்ட்லாந்துக் கடற்றொழிலும் ஸ்பானிய பாஸ்க் மக்களின் கையை விட்டு நழுவலாயிற்று. எனவே கடலோடிகள் மிகுந்திருந்த காலத்தில் விளக்கில்லை. விளக்கு வந்தபோது அக்கடலோடிகளின் காலம் கழிந்திருந்தது.

இம்முரண்பாடு பியாரிற்சிலே மிகத் தெளிவாகத் தெரிகின்றது. 1834 இல் அது பெரிய துறைமுகமன்று. திமிங்கில வேட்டையை இழந்து நின்ற ஒரு சிற்றூர். பேரரசி இயூஜெனியின் கோடைகால வாசத்தால் அது செல்வர் கூடும் நகராக மாறியது 1854 இன் பின்னரே. 1843 இல் அங்கு வந்த விக்ரர் ஹியூகோ, இவ்வூர் நாகரிகக் கூட்டத்தாற் கெட்டுவிடுமோ என அஞ்சி எழுதினார். அவ்வச்சம் பொய்க்கவில்லை. ஆயின், அத்தகைய சிற்றூருக்குப் பெருவிளக்கு எதற்கு?

விடை ஊரில் இல்லை, பாரிசில் உளது. வெளிச்சவீடுகளை மேற்பார்வை செய்தற்கென 1811 இற் பிரெஞ்சு அரசு ஓர் ஆணைக்குழுவை நிறுவிற்று. வீதிகளும் பாலங்களும் அமைக்கும் பொறியியலாளராகிய ஒகுஸ்தன் பிரெனெல் 1819 இல் அதன் பணியிற் சேர்ந்தார். அதுவரை விளக்குகளின் பின்னால் வைக்கப்பட்ட உலோகத் தெறிகருவிகள் ஒளியின் பெரும் பங்கை உறிஞ்சி வீணாக்கின. பிரெனெல் ஒளித்தெறிப்பை விடுத்து ஒளிமுறிவை நாடினார். முழுக் கண்ணாடி வில்லை பெரிதாயின் தடித்துப் பாரமாகும். ஆதலின் அதன் வளைபரப்பைப் பேணி உட்பகுதியை நீக்கி, படிப்படியான வளையங்களாக அமைத்தார். சுடரிலிருந்து சிதறும் கதிர்கள் அவ்வளையங்களால் வளைக்கப்பட்டு ஒரே கற்றையாகக் கடல்நோக்கிச் சென்றன. இத்தகைய சுழல்வில்லை முதன்முதலாக 1823 இற் கிரோந்து முகத்திலுள்ள கோர்துவான் வெளிச்சவீட்டிற் பொருத்தப்பட்டது.

கோர்துவானுக்கும் பாஸ்க் கரைக்கும் இதனிலும் பழைய தொடர்பொன்றுண்டு. மணலால் அடைபட்டு வடக்கே வெகுதூரம் விலகிச் சென்றிருந்த அத்தூர் ஆற்றின் முகத்தை 1578 இல் பயோனுக்கு நேரே திருப்பிய லூயி டி புவாவே, 1584 இற் கோர்துவான் கோபுரத்தைக் கட்டும் ஒப்பந்தத்தையும் ஏற்றவர். 1611 இல் அது நிறைவுற்றபோது அவர் உயிருடனில்லை. அவர் திறந்த ஆற்றுமுகமோ பயோனுக்கு வாழ்வளித்ததுடன் ஓயாத தொல்லையையும் கொடுத்தது. அதன் வாயிலிலே சேரும் மணற்றிட்டு கப்பல்களுக்குக் கண்ணியாயிற்று. பியாரிற்ஸ் விளக்கு அவ்வாற்றுமுகத்தின் இடத்தையும் சுட்டி நிற்பது.

1825 இல் அட்மிரல் ரொசெல் ஆணைக்குழுவின் பெயரால் பிரெஞ்சுக் கரை முழுவதற்குமான திட்டமொன்றை முன்வைத்தார். கரையோரமாகச் செல்லும் கப்பலொன்று ஒரு விளக்கின் பார்வையை இழக்குமுன் அடுத்ததன் பார்வையைப் பெறல் வேண்டும். அயலயலான விளக்குகள் தம்முள் வேறுபட்ட முறையில் மின்னுதலும் வேண்டும். இத்திட்டம் ஊர்களை எண்ணவில்லை, தூரங்களையே எண்ணிற்று. ஒரு சங்கிலிக்குத் தென்கோடியிற் கொளுக்கியொன்று தேவைப்பட்டது. சென் மார்த்தின் முனை அவ்விடத்தில் இருந்தது. 1827 இல் முப்பத்தொன்பதாம் வயதிற் பிரெனெல் இறந்துபோக, அவர் தம்பி லெயொனோர் பணியைத் தொடர்ந்தார். பிரெஞ்சு வெளிச்சவீடுகளில் அக்காலத்தில் எரிந்தது திமிங்கில எண்ணெயன்று, கடுகினச் செடியொன்றின் விதையெண்ணெய் என்பதும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது.

பிதசோவாவுக்குத் தெற்கே நிலைமை வேறு. அங்கு விளக்கேற்றுதல் முதலில் வணிகர் கழகங்களின் கடமையாயிருந்தது. 1682 இல் தோன்றிய சன் செபஸ்தியன் வணிகர் கழகம் 1778 இல் இகெல்தோ மலையுச்சிக் கோபுரத்தில் விளக்கேற்றியது. அரசு முழு நாட்டுக்குமான வெளிச்சவீட்டு ஆணைக்குழுவை அமைத்தது 1842 இலும், பொதுத்திட்டத்தை வெளியிட்டது 1847 இலுமாகும். பியாரிற்சில் ஒளியேற்றப்பட்ட வேளையில், எல்லைக்கப்பால் 1833 இல் மூண்ட முதலாம் கார்லிஸ்ற் போர் நடந்துகொண்டிருந்தது. பாஸ்க் மாகாணங்களின் பழைய உரிமைச் சாசனங்கள் அப்போரின் உயிர்நிலைப் பிரச்சினைகளுள் ஒன்று.

அவ்வுரிமைகளுள் ஒன்று சுங்கம் பற்றியது. ஸ்பெயினின் சுங்க எல்லை நெடுங்காலம் பாஸ்க் கரையில் இருக்கவில்லை. உள்நாட்டிலே எப்ரோ ஆற்றங்கரையில் இருந்தது. ஆதலின் கடல்வழியாகப் பாஸ்க் ஊர்களுக்கு வந்த பொருளுக்கு அரசின் சுங்கவரி விதிக்கப்படவில்லை. 1841 இல் எஸ்பார்த்தெரோவின் ஆட்சி இச்சுங்க எல்லையைக் கடற்கரைக்கும் பிறநீசுக்கும் மாற்றியது. அடுத்த ஆண்டே வெளிச்சவீட்டு ஆணைக்குழு தோன்றிற்று. ஒன்று மற்றதன் காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. ஆணைக்குழு அந்தலூசியாவுக்கும் கலீசியாவுக்கும் உரியதாகவே அமைந்தது. ஆயினும் சுங்க அதிகாரியும் விளக்குக் காவலாளியும் பாஸ்க் கரைக்கு ஒரே தலைமுறையில், ஒரே தலைநகரிலிருந்து வந்து சேர்ந்தனர் என்பதை மறத்தற்கில்லை. கடற்கரையை அளந்து, எண்ணிட்டு, தன்னுடையதாக்கிக்கொள்ளும் புதிய அரசின் இரு கைகள் அவை எனக் கொள்வதே பொருத்தமாகும்.

அதன்பின் விளக்குகள் விரைந்து தோன்றின. மத்சிச்சாக்கோ முனையில் 1852 இலும், இகெல்தோவில் பழைய கோபுரத்திற்குத் தாழ்வான சரிவில் 1855 இலும், லெக்கெயித்தியோவின் சந்த கத்தலீனாவில் 1862 இலும், கெத்தாரியாவில் 1863 இலும் ஒளியேற்றப்பட்டது. மிகவுயர்ந்த விளக்கை முகில் மறைக்கும் என்பது பழைய கோபுரங்கள் பல கற்பித்த பாடம். ஸ்பானிய விளக்குகளின் வில்லைகளிற் பெரும்பாலானவை பாரிஸ் தொழிற்சாலைகளிலிருந்து வந்தவை. இவ்வாறு அரசியலிற் பிரிந்திருந்த ஒரே கரை, ஒரே ஒளியியலாற் காவல் செய்யப்பட்டது.

விளக்கு அரசினுடையது என்பதை அரசை எதிர்த்தோர் நன்குணர்ந்திருந்தனர் போலும். பிதசோவாவின் முகத்தையடுத்த இகெர் முனையில் 1855 இல் ஏற்றப்பட்ட விளக்கு, இறுதிக் கார்லிஸ்ற் போரின்போது 1874 இல் அழிக்கப்பட்டது. புதியது 1881 இலேயே எழுந்தது. இருவர்க்கும் பொதுவான கடலில், தோணியோட்டிகள் அவ்வாண்டுகளிற் பியாரிற்ஸ் விளக்கையே நம்பியிருந்திருப்பர். 1876 இற் போர் முடிவுற்றதும் உரிமைச் சாசனங்கள் ஒழிக்கப்பட்டன. பில்பாவோவைச் சூழ்ந்த குன்றுகளின் பொஸ்பரசு குறைந்த இரும்புத்தாது, பெசெமர் முறைக்கு ஏற்றதாதலின், நீராவிக்கப்பல்களிற் பிரித்தானியாவுக்குப் பெருந்தொகையாகச் சென்றது. கால அட்டவணைக்கியைய இரவும் பகலும் ஓடிய அக்கப்பல்களுக்கே பெருவிளக்குகள் இன்றியமையாதனவாயின.

ஊர் மீனவருக்கு அவற்றால் விளைந்த பயன் யாது? பயன் இல்லையென்பது மிகையாகும். எனினும் தம் கரை எங்குள்ளதென அறியாது மாண்ட பாஸ்க் மீனவர் சிலரே. அவர்களுக்குக் கூற்றுவனாய் வந்தது கலெர்னா என்னும் திடீர்ப் புயல். வெப்பமும் தெற்குக் காற்றும் மிக்க அமைதியான பொழுதில், சில நிமிடங்களுக்குள் காற்று வடமேற்குக்கு மாறி, வெப்பநிலை வீழ்ந்து, கடல் கொந்தளிக்கும். 1912 ஆகஸ்ட் 12 ஆந் திகதி இரவிற் கிளம்பிய அத்தகைய புயலொன்றில் 143 மீனவர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலார் பெர்மேயோவைச் சேர்ந்தோர். அவ்வூரின் அருகிலேயே மத்சிச்சாக்கோ விளக்கு அறுபது ஆண்டுகளாக எரிந்துகொண்டிருந்தது. பல கடல்மைல்களுக்கப்பால், பாய்மரத்தையும் துடுப்பையும் நம்பி நின்ற திறந்த வள்ளங்களுக்கு அது கரை இருக்குந் திசையைக் காட்டியிருக்கும். கரையை அடையும் வலுவைக் கொடுத்திருக்காது.

அவர்களுக்கு வேண்டியிருந்தவை வேறு: நீராவி எந்திரம், அலைதடுப்பணை, முன்னறிவிப்பு. இவற்றுள் இறுதியதைத் தரமுயன்றவர் ஓர்கொலாகா என்னும் குருவானவர். இகெல்தோ மலையில் 1905 இல் அவரது வானிலை நோக்ககம் நிறுவப்பட்டது. அதே மலையிலுள்ள அரச விளக்கு கப்பல்களுக்கு இடத்தைச் சொல்லிற்று. நோக்ககம் மீனவருக்குக் காலத்தைச் சொல்ல முனைந்தது. பழைய திமிங்கிலக் காவலாளியின் உண்மையான வாரிசு யாரென வினவின், விளக்குக் காவலாளியைவிட இக்குருவானவரையே சுட்டுதல் தகும். முன்னவரைப் போலவே அவரும் கடலைப் பார்த்து ஊருக்குச் சொன்னவர். கிப்புஸ்கோவாவின் ஓரியோ ஊரார் இக்கரையின் இறுதித் திமிங்கிலத்தைக் கொன்றது 1901 மே மாதத்தில். இவ்விரு காவல்களுக்கும் இடைப்பட்ட காலம் நான்கே ஆண்டுகள்.

இருபதாம் நூற்றாண்டில் விளக்குகளுக்கு நேர்ந்தவற்றை விரிக்க வேண்டுவதில்லை. மின்சாரமும் தன்னியக்கமும் எங்கும் வந்தவாறே இங்கும் வந்தன. 1937 மார்ச்சில் பாஸ்க் அரசின் ஆயுதந்தாங்கிய மீன்பிடிக் கப்பல்கள் பிராங்கோ தரப்பின் கனாரியாஸ் என்னும் போர்க்கப்பலோடு பொருதிய சமர், மத்சிச்சாக்கோ முனையின் பெயராலேயே அறியப்படுகின்றது. ஸ்பெயினில் விளக்குக் காவலர் சேவை, 1992 ஆம் ஆண்டின் துறைமுகச் சட்டத்தால், புதியவர் சேர்க்கப்படாது படிப்படியாக மறைய விடப்பட்டது.

காவலர் நீங்கிய இடங்களுக்கு இப்பொழுது பார்வையாளர் வருகின்றனர். சந்த கத்தலீனா வெளிச்சவீடு கடலோடுதலின் வரலாற்றை விளக்கும் நிலையமாகத் திறக்கப்பட்டுள்ளது. பியாரிற்ஸ் வெளிச்சவீடு 2009 இல் பிரான்சின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலிற் பதிவு பெற்றது. அதன் 248 படிகளிலும் கட்டணஞ் செலுத்தி ஏறுவோர் பெரும்பாலும் விடுமுறைக்கு வந்தோரே. கீழே கடற்குளிப்புக் கரைகளையும் நகரின் கூரைகளையும் அவர்கள் படம்பிடித்துக்கொள்வர். அத்தலாய் மேடும் அங்கிருந்து தென்மேற்கே தெரிகின்றது. அங்கே புகையெழுப்பிய காவலரின் பெயர்களைப் பொறித்த பலகை எதுவும் வெளிச்சவீட்டில் இல்லை. விளக்கு மாத்திரம் பத்து விநாடிக்கு இருமுறை மின்னி, இருபத்தாறு கடல்மைல் தூரம்வரை, எல்லையின் இருபுறக் கடலுக்கும் இன்னும் ஒளி வீசிவருகின்றது.