செஞ்சிக் கோட்டையும் சிறு கொசுவும்

நம் செஞ்சிக் கோட்டையை வெல்ல முகலாயத் தளபதி ஜுல்பிகார் கானுக்கு 1690 முதல் 1698 வரை எட்டாண்டுகள் தேவைப்பட்டன. மதிலும் அகழியும் சேனையைத் தடுத்தன. கொசுவைத் தடுக்கும் மதில் எதுவுமில்லை என்பதை 2006ஆம் ஆண்டின் சிக்குன்குனியா தமிழகத்திற்கு உணர்த்திற்று.

இந்நோய் 1952இல், இன்றைய தான்சானியா நாட்டில் முதன்முதலாக அறியப்பட்டது. வலியால் உடல் வளைந்துபோவதைக் குறிக்கும் மக்கொண்டே மொழிச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னை, வேலூரிலும் பரவிற்று. 1973க்குப் பின் அடங்கிக் கிடந்து, முப்பதாண்டுகளுக்கு மேல் கழித்து 2005இல் மீண்டும் நம் நாட்டில் தலைதூக்கிற்று. காய்ச்சல் சில நாட்களில் தணிந்தாலும் மூட்டுவலி பலருக்கு மாதக்கணக்கில் நீடித்தது. கூலி வேலையை நம்பிய குடும்பங்கள் அல்லலுற்றன.

இதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. பெரும்பாலும் நாம் சேமிக்கும் நல்ல நீரிலேயே பெருகுவது. அதன் முட்டைகள் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினும் மாதக்கணக்கில் உயிர் தரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி மூடிவைத்தல் வேண்டும். டெங்குவுக்கும் இதுவே காப்பு.

இக்கொசு நெடுந்தூரம் பறப்பதில்லை. எனவே ஒரு வீட்டின் அசட்டை அண்டை வீட்டாரின் நோயாகிறது. அண்டை வீட்டாருக்குத் துன்பமிழைப்பதை மார்க்கம் கண்டித்திருப்பதை நாம் அறிவோம். பள்ளியின் ஹவுளிலிருந்தும் வீட்டுத் தொட்டியிலிருந்தும் இக்கடமையைத் தொடங்குவோமாக!