தமிழ் உள்ளீட்டுக் கருவிகளின் வரலாறு: திருத்தமும் புதுவாக்கமும்

முன்னுரை

கட்டற்ற மென்பொருள்களில் ஏற்கெனவே உள்ளதைத் திருத்தி வளர்ப்பதா, புதியதொன்றை உருவாக்குவதா என்னும் வினா தமிழ்க் கணிமையில் தொடர்ந்து எழுகிறது. இதற்கான விடை பெரும்பாலும் உருவாக்குவோரின் ஆர்வத்தையும் திறமையையும் சார்ந்ததாகவே கருதப்படுகிறது. தமிழ் உள்ளீட்டுக் கருவிகளின் வரலாற்றை நோக்கின், கருவியின் உரிமமும் கட்டமைப்புமே அவ்விடையைப் பெரிதும் தீர்மானித்துள்ளன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

விசைப்பலகை முறைகளின் பன்மை

உளுந்தூர்பேட்டை போன்ற ஊர்களின் தட்டச்சுப் பயிலகங்களில் பயின்றோருக்குத் தட்டச்சுப்பொறி முறையே கைவந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு தமிழ்99 முறையைத் தரப்படுத்தியது. ஒலியியல் முறையும் பாமினி முறையும் உடன் வழங்கின. திஸ்கி, தாம், தாப், ஒருங்குறி எனக் குறியாக்கங்களும் பலவாயின. ஆகவே, பல முறைகளுக்கும் இடந்தரும் கருவியே பயன்பட்டது.

எ-கலப்பையும் கீமேனும்

தமிழா தன்னார்வக் குழு வெளியிட்ட எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்னும் பொறியின்மீது இயங்கின. தமிழுக்குரிய விசை விதிகளை மட்டும் எழுதினால் போதுமானதாக இருந்தது. ஆயினும் கீமேனின் மூலநிரல் அன்று மூடப்பட்டிருந்தது. பொறியில் குறை காணினும் தமிழர் அதனைத் திருத்த இயலாது. எனவே மூன்றாம் பதிப்பில் எ-கலப்பை தனக்கெனப் பொறியை அமைத்துக்கொண்டு, கட்டற்ற உரிமத்தில் வெளிவந்தது. 2015இல் கீமேன் எஸ்ஐஎல் நிறுவனத்தின் வசமாகி, 2017இல் அதன் மூலநிரல் திறக்கப்பட்டது. இப்பிற்கால நிகழ்வைக் கொண்டு முந்தைய முடிவைத் தவறென்பது வரலாற்று நோக்காகாது. திருத்தும் வழி அடைபட்டிருந்தபோது புதுவாக்கமே உரிய வழியாக இருந்தது.

லினக்ஸில் அமைந்த வழி

லினக்ஸில் நிலைமை வேறு. ஜப்பானில் உருவான எம்17என் நூலகம் தொடக்கம் முதலே கட்டற்றது. அதில் ஒவ்வொரு விசைப்பலகை முறையும் எளிய உரைக்கோப்பாக அமைகிறது. தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப்பொறி முறைகள் அவ்வாறே சேர்க்கப்பட்டன. பொறியைப் பல மொழியினர் கூடிப் பேணுகின்றனர். தமிழர் தம் மொழி விதிகளில் கருத்தைச் செலுத்தினால் போதும். தனிப்பொறியோ இயங்குதளம் மாறுந்தோறும் மறுசீரமைப்பை வேண்டுவது. அச்சுமை முழுதும் ஒரு சில தன்னார்வலர்மீதே விழுகிறது.

முடிவுரை

கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரது வாய்மொழி வழக்காறுகளைப் பதிவுசெய்யும் ஆய்வாளருக்குக் கருவி பழையதா புதியதா என்பது பொருட்டன்று. பத்தாண்டுக்குப் பின்னும் அது இயங்குமா என்பதே பொருட்டு. உரிமம் இடந்தருமாயின் திருத்தமே நிலைபேறுடையது. இடந்தராதபோது புதுவாக்கம் தவிர்க்கவியலாதது. மொழி விதிகளைப் பொறியினின்று பிரித்து வைப்பின், பொறி மாறினும் தமிழ் உழைப்பு வீணாகாது. ஆய்வேடுகளில் புதிய மென்பொருள் எளிதில் பங்களிப்பாக மதிக்கப்படுகிறது. பொதுக்கருவியொன்றில் ஏற்கப்பட்ட திருத்தத்தையும் பல்கலைக்கழகங்கள் அதற்கு நிகராக மதிப்பிட்டாலன்றி, இளம் ஆய்வாளர்கள் பேணுவாரற்ற கருவிகளையே மேலும் பெருக்குவர்.