கிடங்கில் பிறந்த எழுத்து

தெற்கு ஈராக்கில் யூப்ரடீஸும் டைக்ரிஸும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் நிலத்தில் செம்பு கிடைக்காது. உத்திரத்துக்கு ஆகிற மரமும் வளராது. தாராளமாகக் கிடைப்பவை களிமண்ணும் நாணலும்தான். களிமண்ணில் செங்கல் அறுத்தார்கள், பானை வனைந்தார்கள். நாணலில் பாய் முடைந்தார்கள், படகு கட்டினார்கள். இன்றைக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய எழுத்தும் இந்த இரண்டிலிருந்தே உண்டானது. கி.மு. 3300க்கும் 3200க்கும் இடைப்பட்ட காலத்தில், ஊருக் நகரத்தில், யாரோ ஒரு கணக்கர் உள்ளங்கை அளவு ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் குறி போட்டார். அவர் எழுதியது வாற்கோதுமை வரவு செலவு.

அந்தக் கணக்கு ஏன் தேவைப்பட்டது என்று தெரிய ஆற்றைப் பார்க்க வேண்டும். அங்கே மழை ஆண்டுக்கு 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. வானத்தை நம்பி விதைக்க முடியாது. ஆற்றை நம்பலாம் என்றால் அதுவும் நேரம் தப்பியே வரும். வடக்கு மலைகளில் பனி உருகி, வெள்ளம் வந்து சேர்வது வசந்த காலத்தில். வயலில் கதிர் முற்றி நிற்கிற நேரம் அது. ஆகவே விதைக்கும்போது தண்ணீரைக் கொண்டுவர வாய்க்கால் வேண்டும், அறுக்கும்போது தண்ணீரைத் தடுக்கக் கரை வேண்டும். வாய்க்காலைக் கட்டி மேய்க்கத்தான் அரசு பிறந்தது என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் சொன்னார்கள். தொடக்ககால வாய்க்கால்களோ ஊரார் கூடித் தூர்வாரக்கூடிய அளவில்தான் இருந்தன. பெரிய சிக்கல் விளைந்த பிறகு வந்தது: குவிந்த தானியத்தை யார் காப்பது, யாருக்கு எவ்வளவு அளப்பது?

கி.மு. நான்காவது ஆயிரமாண்டின் முடிவில் ஊருக் சுமார் 250 ஹெக்டேருக்குப் பரந்து கிடந்தது. பல்லாயிரம் பேர் வாழ்ந்தார்கள். குயவர், நெசவுக்காரப் பெண்கள், கொல்லர், இடையர் எனப் பலர் உழாமல் உண்டார்கள். நகரின் நடுவே ஏயன்னா என்ற கோயில் வளாகம். விளைச்சல் அங்கே வந்து சேர்ந்து அங்கிருந்தே பிரிந்து போயிற்று. இதற்கு ஒரு சாட்சி, அக்காலத்து ஊர்களில் மண்ணைக் கிளறினால் குவியல் குவியலாக வரும் ஒரு கிண்ணம். சொரசொரப்பான களிமண், சாய்வாக வெட்டிய விளிம்பு, அழகுக்கு ஒரு கோடுகூட இல்லை. அச்சில் அழுத்தி அவசரமாகச் செய்தது. இது வேலையாட்களுக்குப் படியளக்கிற கிண்ணம் என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. பிற்பாடு எழுத்து வந்தபோது ஒரு மனிதத் தலையும் அதன் வாயருகே இந்தக் கிண்ணமும் சேர்ந்து 'படி வழங்கியது' என்பதற்கான குறியாயிற்று.

எண்ணுவது அவர்களுக்குப் புதிதல்ல. கி.மு. 8000 வாக்கிலிருந்தே மேற்காசியக் கிராமங்களில் சின்னச் சின்னக் களிமண் காய்கள் புழங்கின. கூம்பு, உருண்டை, வட்டு என்று விரல் நுனியில் பிடிக்கிற அளவு. தோண்டியவர்கள் பலர் இவற்றை விளையாட்டுச் சாமான் என்றோ தாயத்து என்றோ எண்ணி ஒதுக்கினார்கள். பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டெனீஸ் ஷ்மாண்ட்-பெஸரா அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகப் போய் இவற்றைச் சேர்த்துப் பார்த்து, இவை கணக்குக் காய்கள் என்று 1970களில் வாதிட்டார். பால்காரர் வரவைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. இரு தரப்பும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும்வரை அது போதும்.

நகரத்தில் அது போதவில்லை. மந்தையை ஓட்டிப் போகிறவர் ஒருவர், வாங்கிக்கொள்கிறவர் வேறொருவர். இருவரும் முன்பின் பார்த்ததில்லை. ஆகவே காய்களை உள்ளே வைத்து ஒரு களிமண் உருண்டையை மூடினார்கள். மேலே உருளை முத்திரையை உருட்டி எடுத்தார்கள். வழியில் யாரும் ஒரு காயை உருவ முடியாது. ஈரானின் சூசாவிலும் ஊருக்கிலும் இப்படிப்பட்ட உருண்டைகள் கிடைத்தன. இவற்றின் பயன் விளங்கத் துப்புக் கொடுத்தது நூசி என்ற இடத்தில் கிடைத்த, காலத்தால் மிகவும் பிந்திய, முட்டை வடிவ மண் கூடு. அதன் மேல் ஓர் இடையர் பொறுப்பில் விட்ட செம்மறிகளும் வெள்ளாடுகளும் வகைவகையாக எழுதியிருந்தன. உள்ளே அதே கணக்குக்குக் கூழாங்கற்கள். 1959இல் லியோ ஓப்பன்ஹைம் இந்தப் பொருத்தத்தை விளக்கி எழுதினார்.

உருண்டையில் ஒரு குறை உண்டு. உள்ளே எத்தனை என்று பார்க்க அதை உடைக்க வேண்டும். உடைத்தால் முத்திரை போயிற்று. இதற்கு வழியாகச் சில உருண்டைகளின் மேற்பரப்பிலேயே காய்களின் தடம் பதிக்கப்பட்டது. மேலே தடம் இருந்தால் உள்ளே காய் எதற்கு? தடம் மட்டும் பதித்த தட்டையான ஏடு போதுமே. மாற்றம் ஒரே நேர்க்கோட்டில் நடந்துவிடவில்லை. காயும் உருண்டையும் ஏடும் கொஞ்ச காலம் அக்கம்பக்கமாகவே புழங்கின. ஆனாலும் ஏட்டில் ஒரு பெரிய காரியம் நடந்தது. ஐந்து ஆட்டுக்கு ஐந்து ஆட்டுக்குறி என்பது போய், ஐந்து என்பதற்குத் தனி அடையாளம், ஆடு என்பதற்குத் தனி அடையாளம் வந்தது. அப்போதும் எண் பொருளை விட்டு முழுதாகப் பிரியவில்லை. அதே சிறு வட்டக்குழி ஆடு எண்ணும்போது பத்து அலகைக் காட்டும், வாற்கோதுமை அளக்கும்போது ஆறு அலகைக் காட்டும். எந்தச் சரக்கு என்று தெரியாமல் தொகையைப் படிக்க முடியாது.

ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1912 முதல் ஊருக்கைத் தோண்டியதில் இந்தத் தொல்லேடுகள் சுமார் 5,000 கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை குப்பையோடு குப்பையாகக் கொட்டப்பட்டவை; வேலை முடிந்த ரசீதை யார் பத்திரப்படுத்துவார்கள்? ஹான்ஸ் நிஸன், பீட்டர் டாமெரோ, ராபர்ட் எங்லண்ட் ஆகியோர் பல ஆண்டுகள் உழைத்து இவற்றின் கணக்கு முறையைப் பிரித்தெடுத்தார்கள். ஓர் ஏட்டை எடுத்துக்கொள்வோம். குழிகளும் பிறைகளுமாக ஒரு தொகை: வாற்கோதுமை 29,086 அளவு. பக்கத்தில் காலம்: 37 மாதம். கீழே 'குஷிம்' என்று படிக்கப்படும் இரண்டு குறிகள். பெருமளவு தானியத்துக்குப் பொறுப்பேற்றவர் போட்ட கையெழுத்து அது. குஷிம் என்பது ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆளின் பெயர்தான் என்றால், உலக வரலாற்றில் எழுத்தில் பதிந்த முதல் பெயர்களில் ஒன்று மாவும் மால்ட்டும் கணக்குப் பார்த்த ஒரு பண்டகப் பொறுப்பாளருடையது.

ஏடுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு கணக்கு. மிச்சம், எழுதப் பழகுகிறவர்கள் பார்த்து எழுதிய சொற்பட்டியல்கள். அவற்றில் மிகுதியாகப் படியெடுக்கப்பட்டது பதவிகளின் பட்டியல். உச்சியில் பெருந்தலை ஒருவர், அடுத்து ஏர், நகரம் போன்றவற்றுக்குப் பொறுப்பானவர்கள் என்று படிப்படியாக அது இறங்குகிறது. அதைக் கணக்கர்கள் வழிவழியாக, பாதிச் சொற்கள் வழக்கொழிந்த பிறகும், ஆயிரம் ஆண்டுக்கு மேல் எழுதிப் பழகினார்கள். எழுத்துப் பயிற்சியோடு யாருக்கு யார் மேல் என்ற பயிற்சியும் சேர்ந்தே நடந்தது.

இத்தனையும் இருந்தும் அந்த எழுத்தில் ஒரு முழு வாக்கியம் சொல்ல முடியாது. சரக்கு, எண்ணிக்கை, ஆள், அலுவலகம், அவ்வளவுதான். பேச்சின் ஒலி மெல்ல மெல்லத்தான் ஏட்டில் ஏறியது. படம் போட்டுக் காட்ட முடியாத ஆட்பெயர்களும் கருத்துகளும் அதற்குத் தூண்டுகோல். கோட்டுப் படங்கள் ஆப்பு வடிவப் பதிவுகளாயின. நூற்றாண்டுகள் கடந்து கடிதமும் கதையும் துதியும் வந்தன. பெயர் தெரிந்த முதல் படைப்பாளி என்று கருதப்படும் என்ஹெடுவன்னா கி.மு. 2300 வாக்கில் வாழ்ந்தவர். முதல் கணக்குக்கும் அவருக்கும் நடுவே தொள்ளாயிரம் ஆண்டுகள் போயிருக்கும்.

அதற்குச் சற்று முன், கி.மு. 2350ஐ ஒட்டி, லகாஷ் நகரத்து அரசர் உருககினா ஓர் ஆணையைக் களிமண் கூம்புகளில் பொறித்தார். பிணத்தை அடக்கம் செய்ய வருகிறவர் அதுவரை 7 குடம் பீரும் 420 ரொட்டியும் வாங்கினார். இனி 3 குடம், 80 ரொட்டி மட்டும் என்கிறது அது. அதிகாரிகளின் வேறு பல வசூல்களையும் அது நிறுத்துகிறது. அரசர் தம் பெருமைக்காக எழுதியதாகவே இருக்கட்டும். யார் எவ்வளவு தர வேண்டும் என்று குறித்துவைக்கக் கிடங்கு உண்டாக்கிய கருவி, யார் எவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று குறித்துவைக்கவும் உதவும் என்பதற்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய ஆதாரங்களில் அது ஒன்று. படியளந்தவன் எழுதிய கணக்கை வாங்குகிறவனும் கேட்கலாம் என்ற வழி அங்கேதான் திறந்தது.