நீக்கல் முறை

நீக்கல் முறை என்பது, ஒருங்கமை நேரிய சமன்பாடுகளில் ஒரு மாறியின் கெழுக்களைச் சமமாக்கி, கூட்டியோ கழித்தோ அம்மாறியை அகற்றித் தீர்வு காணும் இயற்கணித முறை. பிரதியிடலும் குறுக்குப் பெருக்கலும் பிற முறைகள்.

எடுத்துக்காட்டு: எண்ணூர்த் துறைமுகத்தில் 20 அடிக் கொள்கலன்கள் ப, 40 அடிக் கொள்கலன்கள் ந, மொத்தம் 50. ஒரு 40 அடிப் பெட்டியை இரண்டு 20 அடிப் பெட்டிகளாகக் கொண்டால் மொத்த எண்ணிக்கை 80 என்க.

ப + ந = 50
ப + 2ந = 80

கழிக்க, ந = 30; பிரதியிட, ப = 20. மாறிகள் யாவும் நீங்கி 0 = 0 எஞ்சினால் எண்ணற்ற தீர்வுகள்; 0 = 5 போன்ற முரண் எஞ்சினால் தீர்வில்லை.

பண்டைச் சீனக் கணித நூலான ‘ஒன்பது அத்தியாயங்கள்’ இம்முறையைக் கையாள்கிறது. 9ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் மகாவீரர் ‘கணித சார சங்கிரக’த்தில் இதற்கு விதி தந்தார்; ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அந்நூல் 1912இல் சென்னையில் அச்சானது. பல மாறிகளுக்கான அணிவடிவம் கணிதவியலாளர் காஸின் பெயரால் வழங்குகிறது.