தாளிலேயே இருக்கும் விடை: பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் வாசிப்பும் இலக்கணமும்

2024ஆம் ஆண்டு தமிழகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றோர் 99.15 விழுக்காடு, தமிழில் 96.85 விழுக்காடு. தேர்வெழுதிய 8,94,264 பேரைக் கொண்டு கணக்கிட்டால் ஆங்கிலத்தில் 35 மதிப்பெண்ணைத் தொடாதவர் ஏறத்தாழ 7,600 பேர். தமிழில் 28,000 பேருக்குச் சற்று மேல். முந்தைய ஆண்டிலும் (98.93, 95.55) அடுத்த ஆண்டிலும் (99.46, 98.09) இந்த வரிசை மாறவில்லை. பெரும்பாலோர் வீட்டிலும் தெருவிலும் பேசாத மொழியில், பேசும் மொழியில் தோற்பதைவிடக் குறைவாகவே தோற்கிறார்கள்.

இதற்குக் கல்வி ஆய்வுலகில் ஆயத்த விடை ஒன்று உண்டு: மனப்பாடம். பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கவில்லை, கையேட்டை உருப்போடுகிறார்கள். தேர்வு நினைவாற்றலை மட்டுமே அளக்கிறது என்பது அது. சான்றாக ‘ஏசர்’ அறிக்கையைப் பக்கத்தில் வைப்பார்கள். பிரதம் நிறுவனம் 14 முதல் 18 வயதினரிடம் நடத்திய 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர் 57.3 விழுக்காடு, வாசித்தவர்களிலும் பொருள் சொல்ல முடிந்தவர் 73.5 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் நூற்றுக்கு 42 பேர். ஒரு பக்கம் 99, மறுபக்கம் 42. ஆகவே தேர்வு வெறும் சடங்கு என்று முடித்துவிடுவது எளிது.

எளிதாக இருப்பதே எனக்கு ஐயம் தருகிறது. மனப்பாடம்தான் காரணம் என்றால் அது தமிழுக்கும் பொருந்த வேண்டும். தமிழுக்கும் கையேடு இருக்கிறது, மெல்லக் கற்போருக்கான தொகுப்பு இருக்கிறது, மனப்பாடப் பாடல் இருக்கிறது. பொருள் தெரிந்த மொழியில் உருப்போடுவது பொருள் தெரியாத மொழியில் உருப்போடுவதைவிட எளிது என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். அப்படியானால் மனப்பாடம் தமிழைத்தான் உயர்த்தியிருக்க வேண்டும். இரு பாடங்களுக்கும் பொதுவான ஒரு காரணம் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்காது. தாராளமாகத் திருத்துகிறார்கள், தேர்வறைக் கண்காணிப்பு தளர்வு என்ற வாதங்களுக்கும் இதே பதில்தான்.

சற்று வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆங்கிலவழித் தனியார் பள்ளி மாணவர்கள் ஆங்கிலத்தில் எளிதாகக் கரையேறித் தமிழில் தடுமாறுகிறார்கள், அதுவே மாநில விழுக்காட்டைப் புரட்டிப்போடுகிறது என்பது அது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு பிறமொழி வீட்டுப் பிள்ளைகளும் தமிழ் எழுத வேண்டியிருப்பதை இதோடு சேர்ப்பவர்களும் உண்டு. ஆனால் கணக்கு இடம் தரவில்லை. 2024இல் தனியார் பள்ளிகளின் ஒட்டுமொத்தத் தேர்ச்சி 97.43 விழுக்காடு. ஒட்டுமொத்தத் தேர்ச்சிக்குத் தமிழிலும் தேறியாக வேண்டும் என்பதால், அப்பள்ளிகளில் தமிழில் தவறியவர் 2.57 விழுக்காட்டைத் தாண்டவே முடியாது. மாநில அளவில் தமிழில் தவறியவர் 3.15 விழுக்காடு. எனவே தமிழ்த் தோல்வியின் கனம் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில்தான் இருக்கிறது. அதாவது தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட, ஆங்கிலத்தை வகுப்பறையில் மட்டுமே கேட்கும் பிள்ளைகளிடம்.

விளக்கத்தை மாணவரிடம் தேடுவதை விட்டு வினாத்தாளில் தேடலாம். 2019–20 கல்வியாண்டில் ஆங்கிலத்தின் இரு தாள்களும் ஒன்றாக்கப்பட்டு 100 மதிப்பெண், 3 மணி நேரம் என்ற அமைப்பு வந்தது. (அந்த ஆண்டுத் தேர்வு கொரோனாவால் ரத்தாகி, அடுத்த ஆண்டும் அனைவரும் தேர்ச்சி என்றாகி, புதிய தாள் முதன்முதலாக மாணவர் கைக்குப் போனது 2022 மே மாதத்தில்தான்.) அந்தத் தாளை, எதை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று பாராமல், எந்த விடை தாளிலேயே அச்சாகியிருக்கிறது என்று பார்த்து எண்ணிப்பார்த்தேன். கடைசியில் வரும் பத்தி வினா 8 மதிப்பெண். துணைப்பாடத்திலிருந்து பத்தியையோ வாக்கியங்களையோ தாளிலேயே தந்து கேட்பது 5. குறிப்பெடுத்தல் 5, பிழைதிருத்தல் 5, படத்தைப் பார்த்து எழுதுதல் 5, வரைபடத்தைப் பார்த்து வழிசொல்லல் 2. ஆக 30. வாக்கியத்தைத் தந்து மாற்றச் சொல்லும் இலக்கண வினாக்களுக்கு 6. மொத்தம் 36. தேர்ச்சிக்கு 35.

இந்தக் கூட்டலை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. எந்த மாணவரும் இப்பகுதிகள் எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்குவதில்லை. நாலில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் 14 ஒருமதிப்பெண் வினாக்கள் குருட்டடியிலேயே மூன்று நான்கு மதிப்பெண் தரக்கூடியவை. மனப்பாடப் பாடலுக்கு 5 தனி. நான் சொல்ல வருவது இவ்வளவே: ஒரு வரியும் உருப்போடாமல் தேர்ச்சிக் கோட்டைத் தொடும் வாய்ப்பு தாளின் அமைப்பிலேயே இருக்கிறது. தமிழ்த் தாளில் இது இவ்வளவு இல்லை. அங்கேயும் பத்தி வினா உண்டு, ஆனால் எட்டு மதிப்பெண் நெடுவினாக்கள் மூன்று, குறளை அலகிட்டு வாய்பாடு எழுதுதல் போன்றவை தாளுக்கு வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியவை.

தாளிலிருந்து விடை எடுப்பது என்ன வகைத் திறன்?

தனிப்பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் வழி தமிழகம் முழுக்க ஒன்றுதான்: கேள்வியில் இருக்கிற வார்த்தையைப் பத்தியில் தேடு, கிடைத்த வரியை எழுது. இதைக் கேலி செய்வது வழக்கம். நான் ஒரு சோதனை வாக்கியம் தருகிறேன். சொற்கள் என் கற்பனை: ‘த குரோப் மிம்ப்ட் த டாஷ்லர்.’ வினா: ‘ஹூ மிம்ப்ட் த டாஷ்லர்?’ விடை: ‘த குரோப்.’ செயப்பாட்டுவினையாக மாற்றச் சொன்னால்: ‘த டாஷ்லர் வாஸ் மிம்ப்ட் பை த குரோப்.’ இரண்டுக்கும் முழு மதிப்பெண். குரோப் விலங்கா, கருவியா, பக்கத்து வீட்டுக்காரரா என்பது தெரிய வேண்டியதில்லை. நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குவதும் இப்படியே: ‘டுமாரோ’ இருந்தால் ‘த நெக்ஸ்ட் டே’, ‘செட் டு’ இருந்தால் ‘டோல்ட்’. பிழைதிருத்தலில் ‘ஆல்தோ’வும் ‘பட்’டும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் ஒன்றை அடித்துவிடலாம், ‘ஒன் ஆஃப் த’ வந்தால் அடுத்த பெயர்ச்சொல்லுக்கு ‘எஸ்’ போடலாம்.

இதைப் பார்த்து, பார்த்தீர்களா, எதுவும் தெரியாமலே மதிப்பெண் என்று சொல்பவர்கள் அந்த ‘எதுவும்’ என்பதற்குள் என்ன அடங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மேலே தந்த வாக்கியத்தைக் கையாள, எழுவாய் முன்னால் நிற்கும் என்று தெரிய வேண்டும். ‘மிம்ப்ட்’ என்ற சொல்லின் ஈறு இறந்தகாலத்தைக் காட்டுகிறது, அதனால் ‘இஸ்’ அல்ல ‘வாஸ்’ என்று தெரிய வேண்டும். ‘ஹூ’ கேட்பது செய்தவரை என்று தெரிய வேண்டும். தமிழில் செயப்படுபொருளை ‘ஐ’ உருபு காட்டிக்கொடுக்கும், சொற்களை இடம் மாற்றினாலும் யார் யாரை அடித்தார் என்பது கலங்காது, வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் இடமே வேற்றுமை. தமிழ்ப் பிள்ளை ஒருத்தி பொருள் தெரியாத ஆங்கில வாக்கியத்தில் எழுவாயைச் சரியாகத் தொடுகிறாள் என்றால், தன் மொழியின் தொடரமைப்பை ஒதுக்கிவைத்து வேறொன்றைக் கற்றிருக்கிறாள். உருப்போட்ட பத்தியால் இது வராது. புதிய வாக்கியத்திலும் செல்லுபடியாகிறது. மொழியியல் இதற்கு இலக்கண அறிவு என்றுதான் பெயர் வைத்திருக்கிறது.

அப்படியானால் குறை எங்கே? சொற்பொருளில். ஒருமதிப்பெண் பகுதியில் ஒத்த சொல், எதிர்ச்சொல் கேட்கப்படுகின்றன. ஆனால் பாடநூலிலேயே பட்டியலாகக் கிடைக்கும் சொற்கள் பெருமளவு என்பதால் அங்கே மட்டும் மனப்பாட வாதத்தை மறுப்பில்லாமல் ஏற்கிறேன். பத்தி வினாவில் சொற்பொருள் சோதிக்கப்படவே இல்லை, ஏனெனில் வினாவும் பத்தியும் ஒரே சொற்களில் பேசுகின்றன. பழைய கலங்கரை விளக்கத்தைக் கிராமத்தார் பழுதுபார்த்தனர் என்று பத்தி சொன்னால், ‘ஹூ ரிபேர்ட் த ஓல்ட் லைட்ஹவுஸ்?’ என்றே வினா வரும். அதையே ‘ஹூ மேட் த டவர் ஃபிட் ஃபார் யூஸ் அகெய்ன்?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விடை அதே இரண்டு சொல்தான், ஆனால் தேடிப் பிடிக்க ஒரு சொல்லும் பொதுவாக இல்லை. 1970களில் அமெரிக்காவில் ஜாப் டுயின்மன் புகழ்பெற்ற வாசிப்புத் தேர்வுகளின் வினாக்களைப் பத்தியே காட்டாமல் மாணவரிடம் கொடுத்தார். பலவற்றுக்கு அவர்கள் தற்செயலை மிஞ்சிய அளவில் சரியாக விடையளித்தார்கள். அங்கே பத்தி இல்லாமலே விடை வந்தது. இங்கே பத்தி வேண்டும், பொருள் வேண்டாம். நம் ஆய்வாளர்கள் முதல் வகைக் குறையைத் தெரிந்து வைத்துக்கொண்டு இரண்டாம் வகையையும் அதன் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

இப்போது ‘ஏசர்’ எண்களுக்குத் திரும்பினால் அவை முன்போல முரண்படவில்லை. உரக்க வாசித்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் பொருள் சொல்லவில்லை: வடிவம் கைவந்து பொருள் கைவராத நிலை. ‘ஏசர்’ இலக்கணத்தைக் கேட்பதில்லை. பொதுத்தேர்வு பொருளைக் கேட்பதில்லை. தவிர அது ஊரகக் கணக்கெடுப்பு. 2023இல் நாடெங்கும் 28 மாவட்டங்கள், தமிழகத்திலிருந்து பெரம்பலூர் மட்டும். சென்னைக்கு அதில் இடமில்லை. 2011 வரை தனி ஊராட்சியாக இருந்து மாநகராட்சியின் பெருங்குடி மண்டலத்துக்குள் வந்துவிட்ட கொட்டிவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்கே மீனவர் குப்பம், நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையின் அடுக்ககங்கள், மேற்கே பழைய மகாபலிபுரம் சாலையின் (ஓ.எம்.ஆர்.) மென்பொருள் நிறுவனங்கள். குப்பத்துப் பதினைந்து வயதுப் பையனுக்கு ஆங்கிலம் எவ்வளவு வரும் என்று பெரம்பலூர் எண்ணைக் கொண்டு பேசுவது முறையல்ல. அவனைப் பற்றி அரசிடம் இருக்கும் முக்கியமான தனியாள் பதிவு பொதுத்தேர்வு மதிப்பெண்தான். தேசிய அடைவு ஆய்வு சென்னைக்கும் வந்தது, ஆனால் மாதிரியெடுத்த சில பள்ளிகளில், நாலில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் முறையில். அதன் 2021ஆம் ஆண்டுச் சுற்றில் பத்தாம் வகுப்பின் அனைத்திந்தியச் சராசரி ஆங்கிலத்துக்கு 277, இந்திய மொழிக்கு 260. என் வாதத்துக்குத் துணைக்கு அழைக்க ஆசையாக இருக்கிறது. இரண்டும் ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிடத்தக்கவை அல்ல என்பதால் அழைக்கவில்லை.

கொட்டிவாக்கத்தைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பையன் வழிகேட்டு வருபவரைத் திருவான்மியூர்ப் பக்கமிருந்து கடற்கரை வரை தமிழில் பிசகில்லாமல் கொண்டுபோய் விடுவான். தேர்வில் வழிசொல்லும் வினாவுக்கோ ‘கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட், இட் இஸ் ஆன் யுவர் ரைட்’ என்று வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்பே எழுதத் தொடங்குகிறான். நாளை ஓ.எம்.ஆர். கிடங்கிலோ அலுவலகத்திலோ அவன் கையில் வரும் ஆங்கில அறிவிப்பில் வினாவும் இராது, பொதுச் சொல்லும் இராது.

மனப்பாடத்தை ஒழிக்க வேண்டும் என்ற குரல் எழும்போதெல்லாம் தாளில் மனப்பாடம் குறைந்து தேடி எடுக்கும் பங்கு கூடுகிறது. நோய்க்குறிப்பு தவறு, ஆகவே மருந்து நோயை வளர்க்கிறது என்பது என் முடிவு. இலங்கை இதைப் பார்த்துவிட்டது. 1988இல் அங்கே சாதாரண தர ஆங்கிலத் தேர்வு அன்றாட வாசிப்பு, எழுத்துத் தேவைகளை ஒட்டி மாற்றியமைக்கப்பட்டது. அதன் விளைவை டயான் வாலும் சார்ல்ஸ் ஆல்டர்சனும் வகுப்பறைகளில் தொடர்ந்து கவனித்து 1993இல் வெளியிட்டார்கள். ஆசிரியர்கள் எதைக் கற்பிக்கிறார்கள் என்பது மாறியிருந்தது. எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பது ஏறக்குறைய மாறவே இல்லை. தாளின் தலைப்புகளை மாற்றுவதால் மட்டும் வினாவுக்கும் பத்திக்கும் உள்ள உறவு மாறாது.

மாற்ற வேண்டியது சிறிதுதான். பத்தி வினாக்களில் பாதியைப் பத்தியில் இல்லாத சொற்களில் கேட்கலாம். இன்னும் ஒரு படி மேலே போய், அவற்றில் இரண்டுக்குத் தமிழில் விடையெழுத விடலாம். ஆங்கிலத் தேர்வில் தமிழா என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை: சோதிப்பது வாசித்துப் புரிந்துகொள்வதை என்றால் விடையின் மொழி எதுவாக இருந்தால் என்ன? ‘ஏசர்’ தன்னார்வலர் வீட்டு வாசலில் அமர்ந்து செய்வதும் அதுவே. பிறமொழி வீட்டுப் பிள்ளைகள் தொடர்ந்து ஆங்கிலத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

இதற்கு முன்மாதிரி தேடித் தொலைதூரம் போக வேண்டியதும் இல்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் ‘மொழியை ஆள்வோம்’ பகுதியில் ஆங்கிலப் பத்தியைத் தமிழாக்கும் பயிற்சிகள் இருக்கின்றன. அவ்வகை வினா தமிழ்த் தேர்விலும் வருவதுண்டு. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலப் பத்தி புரிந்ததா என்று மாநிலம் நேராகக் கேட்கும் ஒரே இடம், தமிழ்த் தாள். பாடநூல் பத்தியே வந்தால் அங்கும் உருப்போட்ட விடை நுழையும், உண்மைதான். ஆனால் புதிய பத்தி கேட்கப்பட்ட ஆண்டுகளின் தமிழ் விடைத்தாள்களை, அதே மாணவரின் ஆங்கிலப் பத்தி வினா மதிப்பெண்ணோடு பெயர் நீக்கி ஒப்பிட்டால், நான் இங்கே வடிவம் என்றும் பொருள் என்றும் பிரித்துப் பேசியது நிற்கிறதா விழுகிறதா என்று தெரிந்துவிடும். விடைத்தாள்கள் தேர்வுத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பவை. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழிக்கப்படுபவை. அனுமதி கேட்பதானால் அதற்கு முன் கேட்க வேண்டும்.