பயறு முளைக்கவில்லை, ஏன்? ஒரு புட்டியின் வரலாறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் விதை எடுத்து வைக்கிற வழக்கம் உள்ளவர்கள் மட்டுமாவது கடைசிவரை படியுங்கள்.

முப்பத்திரண்டு வருடம் தொடக்கப் பள்ளிகளில் பாடம் நடத்தியவன் நான். அத்தனை வருடமும் தவறாமல் செய்த சோதனை ஒன்று உண்டு: ஈரத்துணியில் பச்சைப்பயறு. முதல் நாள் ஊறிப் பருக்கும். மறுநாள் வெள்ளையாக மூக்கை நீட்டும். மூன்றாம் நாள் பிள்ளைகள் பாடத்தை மறந்துவிட்டுத் துணியைச் சுற்றி நிற்பார்கள். "சார், இது உயிரோட இருக்கு" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அந்த ஒரு வரிக்காகத்தான் அந்தப் பாடமே.

ஓய்வு பெற்ற பிறகு அதே சோதனையை என் தம்பிக்காகச் செய்ய வேண்டி வந்தது. தம்பி என்றால் சித்தப்பா மகன். டெல்டாவில் விவசாயம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், ஈரம் மெழுகுப் பதமாக இருக்கும்போது நெல்லுக்குள்ளேயே பயறைத் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பங்குனி, சித்திரையில் அறுப்பு.

ஒரு வருடம் பயறு அறுக்க ஆள் கிடைக்கவில்லை. அறுவடை இயந்திரம் கொண்டுவந்தவர், "செடி பச்சையா இருந்தா சிக்கும். மருந்தடிச்சுக் காயவிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். கடையில் கேட்டு ஒரு களைக்கொல்லியை வாங்கி அடித்துவிட்டான். அது கிளைபோசேட் என்பதைப் பிறகு புட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பத்து நாளில் வயல் சருகாகக் காய்ந்தது. இயந்திரம் மளமளவென்று அறுத்து முடித்தது. பெரும்பகுதியை விற்றுவிட்டு, இரண்டு மூட்டையை விதைக்கு வைத்துக்கொண்டான்.

அடுத்த தையில் தெளித்தான். வயல் சொட்டை சொட்டையாக முளைத்தது.

"அண்ணே, விதை நல்லாத்தானே இருந்துச்சு. ஒரு வண்டுகூட இல்ல. ஏன் வரல?"

மூட்டையிலிருந்து எண்ணி நூறு பயறை ஈரத்துணியில் வைத்தேன். பக்கத்தில் இன்னொரு துணியில், சித்தி பானையில் சாம்பல் கலந்து வைத்திருந்த நூறு. இரண்டும் ஒரே வயல், ஒரே பருவம். சித்தி மருந்தடிப்பதற்கு முன்பே வயலின் ஓரத்தில் முற்றிய நெற்றுகளைக் கையால் பறித்து வைத்திருந்தார். அது மட்டும்தான் வித்தியாசம். சித்தியின் பயறில் சிலதைத் தவிர எல்லாம் நேராக வேர்விட்டன. மூட்டைப் பயறில் பாதிக்கும் குறைவாகவே ஒழுங்காக முளைத்தது. மற்றவற்றில் சில அசையவே இல்லை. சில மூக்கை நீட்டியதோடு நின்றன. வேர் குட்டையாக, தடித்து, பக்கவேர் இல்லாமல் இருந்தது.

ஒரு தடவை எண்ணிப் பார்த்ததை வைத்து முடிவு கட்டக்கூடாது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். விதை பழசானாலும், ஈரத்தில் கிடந்தாலும் முளைப்பு குறையும். ஆனால் அந்தக் குட்டை வேர் என்னை விடவில்லை. அறுப்புக்கு முன் களைக்கொல்லி அடிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் பயறுச் செடியின் குணம். நெல் ஒரே சமயத்தில் பழுக்கும். பயறு அப்படி இல்லை. கீழே நெற்று கறுத்து வெடிக்கத் தயாராக இருக்கும்போது மேலே பூ இருக்கும். அதனால்தான் நம் வீட்டுப் பெண்கள் இரண்டு, மூன்று தடவை பறித்தார்கள். வெயில் ஏறினால் நெற்று வெடிக்கும் என்று விடியலில், பனி ஈரத்தில் பறித்தார்கள். அந்த வேலையை இயந்திரத்தால் செய்ய முடியாது. இயந்திரத்துக்கு வயல் முழுவதும் ஒரே நாளில் காய்ந்து நிற்க வேண்டும்.

செடியை ரசாயனம் கொண்டு காயவைக்கும் யோசனை பயறில் தொடங்கவில்லை. இங்கிலாந்தில் உருளைக்கிழங்கு தோண்டுவதற்கு முன் மேல்செடியைக் கருக்குவதற்குக் கந்தக அமிலத்தையே தெளித்திருக்கிறார்கள். 1950-களின் நடுவில் அங்கே ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஜீலட்ஸ் ஹில் ஆய்வு நிலையத்தில் டைகுவாட், பாராகுவாட் என்ற இரண்டு பொருள்களின் களைக்கொல்லிக் குணத்தைக் கண்டுபிடித்தார்கள். பாராகுவாட் 1962-இல் சந்தைக்கு வந்தது. இவை பட்ட இடத்தைக் கருக்கும் ரகம். வெயில் பட்டதும் இலை வெந்ததுபோல் ஆகும். செடிக்குள் அதிக தூரம் பயணம் செய்யாது.

அடுத்து வந்ததுதான் கிளைபோசேட். அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனத்தில் ஜான் ஃபிரான்ஸ் என்ற வேதியியலாளர் 1970-இல் அதன் களைக்கொல்லித் தன்மையைக் கண்டார். 1974-இல் 'ரவுண்டப்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இது வேறு ரகம். இலையில் பட்டால் செடி தன் உணவை எங்கெல்லாம் அனுப்புகிறதோ அங்கெல்லாம் கூடவே போகும். கோரை, அறுகு போன்ற களைகளின் கிழங்கையும் வேரையும் கொல்ல முடிவது அதனால்தான். 1980-களில் பிரிட்டனில் கோதுமை, பார்லி வயல்களில் அறுப்புக்குச் சில நாள் முன்பு இதைத் தெளிக்கும் வழக்கம் பரவியது. அங்கே முதல் நோக்கம் வேரோடு கிடக்கும் புல்லை ஒழிப்பது. பயிர் சீராகக் காய்ந்தது கூடுதல் லாபம்.

இப்போது ஒரு கேள்வி. முற்றிக்கொண்டிருக்கும் பயறுச் செடி தன் உணவை எங்கே அனுப்பும்?

விதைக்கு. வேறெங்கே?

என் தம்பியின் வயலில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். நெற்று இன்னும் பச்சையாக இருக்கும்போது தெளித்தால், இலையிலிருந்து விதைக்குப் போகும் சர்க்கரையோடு மருந்தும் போய்ச் சேரும். அங்கே எளிதில் சிதையாமல் தங்கும். கிளைபோசேட் தாவரத்தின் ஒரு நொதியை முடக்குகிறது என்பதை 1980-இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். வளர்ச்சிக்குத் தேவையான மூன்று அமினோ அமிலங்கள் அந்த நொதி இல்லாமல் உருவாகாது. காய்ந்த விதையில் அந்தக் குறை தெரியாது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், எடையும் இருக்கும். தண்ணீர் பட்டு வேர்நுனி வளரத் தொடங்கும்போதுதான் தெரியும். குட்டை வேர், பக்கவேர் இல்லாமை, முளைத்தும் வலுவில்லாத நாற்று, எல்லாம் ஆய்வுகளில் பதிவானவை.

பட்டதைக் கருக்கும் ரகத்தால் ஆபத்தே இல்லையா என்றால், அதற்கும் பக்குவம் உண்டு. விதை முற்றிய பிறகு அடித்தால் முளைப்பு பெரிதாகக் கெடாது. முற்றுவதற்கு முன் அடித்தால் விதைக்குப் போகும் உணவு பாதியில் நின்று, சுருங்கிய சோகை விதைதான் மிஞ்சும்.

அடுத்து கனடாவுக்குப் போவோம். நம் ரேஷன் கடைகளில் துவரம் பருப்புக்குப் பதிலாக 'கனடா மஞ்சள் பருப்பு' போட்டது பலருக்கு நினைவிருக்கும். 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் வந்தது. அது துவரை அல்ல. பச்சைத்தோல் உள்ள பெரிய மசூர் இனத்தைத் தோல் நீக்கினால் கிடைக்கும் மஞ்சள் பருப்பு. கனடாவில் அதன் தாய்வீடு சஸ்காட்செவன் மாநிலம். அங்கே 1970-க்கு முன் மசூர் அநேகமாக இல்லை. 1971-இல் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் பயிர் மேம்பாட்டு மையம் தொடங்கியது. 1972-இல் ஆல் ஸ்லிங்கார்ட் என்ற பயிர் விஞ்ஞானி சேர்ந்தார். 1978-இல் அவர் தந்த 'லேர்ட்' என்ற ரகம் பரவியது. ஒரே தலைமுறையில் கனடா உலகின் முதல் மசூர் ஏற்றுமதி நாடானது. இந்தியா, துருக்கி என்று பல நாடுகளின் சமையலறைக்கு அந்தப் பருப்பு போகிறது. இலங்கைத் தமிழர் வீடுகளில் தினமும் கொதிக்கும் மைசூர் பருப்பில் ஒரு பங்கும் அங்கிருந்து போவதுதான்.

அங்கே கோடை குட்டை. செப்டம்பரிலேயே உறைபனி வரலாம். ஆள் குறைவு, நிலம் ஆயிரக்கணக்கான ஏக்கர். எனவே அறுப்புக்கு முன் தெளிப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. ஆனால் நண்பர்களே, நான் கவனித்த விஷயம் இதுதான்: அவர்கள் அதற்கு விதியும் எழுதி வைத்திருக்கிறார்கள். விதையின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கிளைபோசேட் அடிக்கலாம். அடிப்பகுதி நெற்று பழுப்பாகி, குலுக்கினால் கலகலக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விதைக்காக வளர்க்கும் வயலில் அதை அடிக்கக்கூடாது என்று புட்டியிலேயே அச்சிட்டிருக்கும். அதாவது அங்கே உணவு வயல் வேறு, விதை வயல் வேறு.

நம் ஊரில் அப்படியா? ஒரே மூட்டையில் மேல்பாதி சந்தைக்கு, கீழ்ப்பாதி விதைக்கு. இயந்திரம் வந்தது, புட்டி வந்தது. விதி மட்டும் கப்பல் ஏறவில்லை.

அரசுகள் இதில் தலையிடாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மசூரில் கிளைபோசேட் எச்சத்துக்கான வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமாக இருந்தது. இறக்குமதிக்காக 2012-இல் அதை 10 மில்லிகிராமாக, அதாவது நூறு மடங்காக உயர்த்தினார்கள். அதே ஒன்றியம் 2023-இல் கிளைபோசேட்டின் அனுமதியைப் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்தபோது, பயிரைக் காயவைப்பதற்காக அதைத் தெளிப்பதைத் தடை செய்தது. இந்தியாவில் 2018 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இறக்குமதிப் பருப்புகளில் கிளைபோசேட்டைக் கண்காணிக்கச் சொன்னது. நமக்கென்று தனி வரம்பு இல்லாததால் பன்னாட்டு வரம்பை எடுத்துக்கொண்டார்கள். 2021-இல் கனடா தன் வரம்பை உயர்த்த முன்மொழிந்து, மக்கள் எதிர்த்ததும் நிறுத்திவைத்தது.

இந்த எண்கள் எல்லாம் சாப்பிடுகிறவரைக் காக்க எழுதப்பட்டவை. தட்டில் விழும் பருப்பைப் பற்றிப் பேசுகின்றன. மண்ணில் விழும் பருப்பைப் பற்றி அவை பேசுவதில்லை.

நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்தின் நர்மதைக் கரை மாவட்டங்களைப் பாருங்கள். கோதுமை அறுத்ததும் கோடைப் பச்சைப்பயறு. அறுபது, அறுபத்தைந்து நாள் பயிர். மழை இறங்குவதற்குள் அறுத்தாக வேண்டும். காத்திருக்க நேரமில்லாமல் களைக்கொல்லி அடித்துக் காயவைக்கிறார்கள். 2025 கோடையில் அந்த மாநில அரசு இதையே காரணம் காட்டி ஆதரவு விலைக் கொள்முதலுக்குத் தயங்கியது. விவசாயிகள் போராடிய பிறகு கொள்முதல் அறிவித்தது. அங்கேயும் பேச்சு சாப்பிடுபவரின் உடல்நலம் பற்றித்தான். அதுவும் பேச வேண்டியதுதான். ஆனால் அந்தப் பயறில் எவ்வளவு அடுத்த பருவத்துக்கு விதையாகப் போகிறது என்ற கேள்வியும் கூடவே எழுந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. நம் நாட்டில் கிளைபோசேட்டுக்கு அனுமதி இருப்பது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத இடத்துக்கும்தான். 2022 அக்டோபரில் மத்திய அரசு அதை இன்னும் இறுக்கி, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலம் மட்டுமே அடிக்க வேண்டும் என்றது. பயறு காயவைக்க அதற்கு ஒப்புதலே இல்லை. என் தம்பிக்கு இது தெரியாது. விற்றவரும் சொல்லவில்லை.

தம்பியை நான் குறை சொல்லவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மை. சித்திக்கு எழுபத்தெட்டு வயது. அவர் குனிந்து பறிப்பதைக் காட்டி "பழைய முறைக்குத் திரும்புங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்வது சிறிய விஷயம். வயல் முழுவதும் என்ன செய்தாலும் விதைக்கு ஒரு மூலையை ஒதுக்குங்கள். அங்கே எந்த மருந்தும் வேண்டாம். முற்றிய நெற்றைக் கையால் பறித்து, வெயிலில் உலர்த்தி, தனியாக வையுங்கள். மருந்தடித்த வயலின் பயறை விதைக்கு எடுக்காதீர்கள், அடுத்தவருக்கு விதையென்று விற்கவும் செய்யாதீர்கள்.

விதைப்பதற்குப் பத்து நாள் முன் நூறு எண்ணி ஈரத்துணியில் வையுங்கள். சான்று விதைக்கு நம் நாட்டில் பச்சைப்பயறு, உளுந்து, துவரைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 75 சதவீதம். அதற்குக் கீழே வந்தால் விதை மாற்றுங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், வேரையும் பாருங்கள். நேராக, நீளமாக, பக்கவேரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பழைய துணி போதும், செலவு ஒன்றும் இல்லை.

இந்த வருடம் தம்பி ஐந்து சென்ட் ஒதுக்கியிருக்கிறான். பறிக்க நானும் போகிறேன், பேத்தியும் வருகிறாள். கொஞ்சம் பயறு கொண்டுவந்து அவளுக்கு ஈரத்துணியில் வைத்துக் காட்ட வேண்டும். முப்பத்திரண்டு வருடம் கேட்ட அந்த ஒரு வரியை அவள் வாயால் கேட்க ஆசையாக இருக்கிறது.